கணவர்: கண்டறியப்படவில்லை

வீடு,
திங்கட்கிழமை.

அன்பிற்குரிய மனைவிக்கு,

'இல்லத்தரசிக்கு' என்றுதான் முதலில் எழுதத் தொடங்கினேன். நீ இல்லத்தில் இல்லாத காலத்தில் அச்சொல் பொருந்துமா என்ற ஐயம் எழவே, அத்தாளைக் கிழித்துவிட்டு வேறு தாள் எடுத்தேன். இங்கு நானும் உன் தாயாரும் நலம். அங்கு உன் நலத்தையும் உன் தொலைநோக்கியின் நலத்தையும் அறிய விரும்புகிறோம்.

உன் கடிதம் கிடைத்தது. உறையின் ஒரு மூலை கிழிந்திருந்தாலும் உள்ளே தாள் எதுவும் குறையவில்லை என்பதைப் பக்க எண்களைக் கொண்டு உறுதிசெய்துகொண்டேன். கைப்பேசிக்கு அங்கே தடை, அலுவலகத்தின் ஒற்றைத் தொலைபேசிக்கு முன்னால் எப்போதும் வரிசை, ஆகவே கடிதம்தான் கதி என்று நீ வருத்தப்பட்டிருக்கிறாய். எனக்கு அதில் வருத்தம் இல்லை. பேசியது காற்றோடு போகும். எழுதியது கோப்பில் நிற்கும். வானத்திலிருந்து வரும் அலைகள் அவ்வளவு மெலிந்தவை என்பதால் அருகில் ஒரு கைப்பேசி இருந்தாலே உங்கள் ரேடியோ தொலைநோக்கித் தட்டுகளுக்கு அது இடி விழுந்தாற்போல் கேட்கும் என்றும், தீப்பொறியில் ஓடும் பெட்ரோல் வண்டிகூட வளாகத்துக்குள் வரக்கூடாது என்றும் நீ எழுதியிருந்ததை உன் தாயாருக்குப் படித்துக் காட்டினேன். "அப்ப இவ குறட்டைக்கு என்ன பண்றாங்களாம்?" என்று கேட்டார்கள். குறட்டை குறித்து விதிகள் மௌனம் சாதிக்கின்றன என்றேன்.

உன் பணியைப் பற்றி உன் தாயார் கேட்கும் கேள்விகளுக்கெல்லாம் நானே விடை சொல்ல வேண்டியிருக்கிறது. நான் சொன்னதை இங்கே எழுதுகிறேன். பிழை இருந்தால் திருத்தி அனுப்பு. மிகமிகத் தொலைவில் உள்ள ஒரு விண்மீன் மண்டலத்தின் நடுவில் கருந்துளை ஒன்று அமர்ந்துகொண்டு, பக்கத்தில் வருவதையெல்லாம் விழுங்குகிறது. விழும் பொருள் சூடேறி, அந்த மண்டலம் முழுவதையும் மங்க வைக்கும் அளவுக்கு ஒளிர்கிறது. அதற்குக் குவாசர் என்று பெயர். ஆதியில் குவாசர்களை ரேடியோ அலைகளைக் கொண்டுதான் பிடித்தார்கள். ஆகவே குவாசர் என்றாலே ரேடியோவில் முழங்குவது என்று எல்லோரும் நம்பினார்கள். பிற்பாடு ஒளித் தொலைநோக்கியால் தேடியபோது கொத்துக் கொத்தாக அகப்பட்டன. அவ்வாறு ஒளியால் அகப்பட்டவற்றின் பக்கம் ரேடியோ தட்டைத் திருப்பிக் கேட்டால் பத்தில் ஒன்பது வாயைத் திறப்பதில்லை. அந்த ஒன்பதும் உண்மையிலேயே ஊமைகளா, அல்லது முணுமுணுக்கின்றனவா என்பதை விசாரிப்பதே உன் வேலை.

இவ்வளவையும் கேட்டுவிட்டு உன் தாயார் சொன்னது: "பேசாதவங்களைப் பேச வைக்கிறதா வேலை? அதான் வீட்லயே நல்லாப் பழகிட்டுப் போயிருக்கா." இதை ஒரு கருத்தாக மட்டுமே பதிவு செய்கிறேன்.

இனி, உன் கேள்விக்கு வருகிறேன். திட்டத் தலைவர் உன்னை மேலும் இரண்டாண்டுகள் அங்கேயே இருக்கச் சொல்லியிருக்கிறார். மீதமுள்ள குவாசர்கள் அனைத்தையும் நீயே பார்த்து முடிக்கலாம். மாத இறுதிக்குள் பதில் தர வேண்டும். இவற்றையெல்லாம் எழுதிவிட்டுக் கடைசி வரியில், "நீங்க என்ன சொல்றீங்க?" என்று கேட்டிருக்கிறாய்.

இக்கேள்வியை மிகுந்த கவனத்துடன் ஆராய்ந்தேன். சட்டத்துறைக்கு நான் எழுதித் தர வேண்டிய வரைவு மசோதாவைக்கூடத் தள்ளிவைத்துவிட்டு ஆராய்ந்தேன். பணி உன்னுடையது. திறமை உன்னுடையது. வானம் பொதுச்சொத்து. இவற்றில் எதன்மீதும் உரிமை கோர எனக்கு முகாந்திரம் இல்லை. ஆகவே முறைப்படி தயாரித்த சான்று ஒன்றை இத்துடன் இணைத்துள்ளேன். தட்டச்சு செய்தவர் எங்கள் அலுவலகத் தட்டச்சர் அம்மா. அதன் வாசகம் பின்வருமாறு: 'மேற்படியாரின் கணவனாகிய நான், மேற்படியார் மேற்படி நிலையத்தில் மேலும் இரண்டாண்டுக் காலம் பணி தொடர்வதில் எனக்கு ஆட்சேபணை ஏதும் இல்லை என்று இதன்மூலம் உறுதி கூறுகிறேன்.' திட்டத் தலைவரிடம் காட்ட வேண்டியிருந்தால் படி எடுத்துக் காட்டு, அசலைக் கொடுத்துவிடாதே.

மற்றபடி வீட்டுச் செய்திகள். சமையலறைக் குழாயின் கசிவு சரிசெய்யப்பட்டது. காலையில் பழக்கத்தின் காரணமாக மூன்று கோப்பைத் தேநீர் போட்டுவிடுகிறேன். வேறு பொருள் கொள்ள வேண்டாம். மூன்றாவது கோப்பையை உன் தாயார் ஜன்னலோரத் தொட்டியில் ஊற்றிவிடுகிறார்கள். வாசல் இரும்புக் கதவு கிறீச்சிடுகிறது, அதற்கு எண்ணெய் போட வேண்டும் என்று அவர்கள் வற்புறுத்துகிறார்கள். கதவு எழுப்பும் ஓசை வருவோரை முன்கூட்டியே அறிவிக்கும் ஒரு பாதுகாப்பு ஏற்பாடு என்பதால் அதற்கு இடைக்காலத் தடை விதித்திருக்கிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

இங்ஙனம்,
உன் கணவன்.
(இணைப்பு: ஒன்று)

*

வீடு,
வியாழக்கிழமை.

அன்பிற்குரிய மனைவிக்கு,

நீ அனுப்பிய உறை வந்து சேர்ந்தது. உள்ளே உன் கடிதம் எதுவும் இல்லை. நான் அனுப்பிய சான்று மட்டுமே திரும்பி வந்திருந்தது. அதன் பின்புறத்தில் உன் கையெழுத்தில், பென்சிலால், இரண்டே வரிகள்:

'ஆவணம் கிடைத்தது.
கணவர்: கண்டறியப்படவில்லை.'

முதல் வரி தெளிவானது, நன்றி. இரண்டாம் வரி என்னைச் சிந்திக்க வைத்தது. அலுவலகத்துக்குப் போகும் பேருந்திலும் சிந்தித்தேன். இறங்க வேண்டிய நிறுத்தத்தைத் தாண்டிப் போய்த் திரும்பி நடந்து வந்தேன். சான்றை மறுபடி மறுபடி படித்ததில் குறை எங்கே என்பது விளங்கிற்று. கையொப்பமிட்டவன் நான்தான் என்பதற்கு அதில் சான்றொப்பம் இல்லை. சாட்சிகளும் இல்லை. ஆவணத்தை மட்டும் பார்க்கும் ஒருவருக்கு, அதை எழுதியவர் உண்மையில் உன் கணவர்தானா என்பது தெரிய வழியே இல்லை. இத்தனை ஆண்டு அனுபவத்துக்குப் பின் இவ்வளவு அடிப்படையான ஒன்றை விட்டுவிட்டேனே என்று வெட்கப்பட்டேன்.

உடனே என்னோடு சட்டம் படித்த நோட்டரியிடம் சென்றேன். அவனை உனக்குத் தெரியும். நம் திருமணத்தில் பதிவேட்டில் கையெழுத்திட்டு அந்தப் பேனாவைத் திருப்பித் தராமல் போனவன். சான்றைப் படித்துவிட்டு முத்திரையைக் கையில் எடுத்தவன் அப்படியே என்னைப் பார்த்தான். "ஏன்டா, உன் பொண்டாட்டிக்கே நீ யாருன்னு நிரூபிக்கணுமா?" என்று கேட்டான். சட்டப்படி அவசியமில்லை, மிகுந்த எச்சரிக்கையின் பொருட்டே என்றேன். "இந்த எச்சரிக்கையெல்லாம் கல்யாணத்துக்கு முன்னாடி இருக்கணும். அவளுக்கு" என்று சொல்லிக்கொண்டே முத்திரையைக் குத்தினான். மை சற்றுப் பரவியிருக்கிறது, பொறுத்துக்கொள்.

சாட்சிக் கையொப்பத்துக்கு முதலில் உன் தாயாரைத்தான் அணுகினேன். அவர்கள் மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முன்பக்கத்தைப் படித்தார்கள். திருப்பி, நீ எழுதியதைப் படித்தார்கள். பிறகு நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு இருமும் வரை சிரித்தார்கள். தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன். குடித்து முடித்துவிட்டு, "நான் போட மாட்டேன் மாப்பிள்ளை. இவர்தான் புருஷன்னு சாட்சி சொல்ற அளவுக்கு நான் எதையும் பாக்கலையே" என்றார்கள். நல்ல சாட்சியத்துக்கு நேரடி அறிவு வேண்டும் என்ற கோட்பாடு அவர்களுக்குத் தெரிந்திருந்தது எனக்கு வியப்பாக இருந்தது.

ஆகவே தட்டச்சர் அம்மா சாட்சிக் கையொப்பம் இட்டார். அவரும் தயங்கினார். "சார், தப்பா நெனச்சுக்காதீங்க. அடிக்கும்போதே சொல்லணும்னு இருந்தேன். வீட்டம்மாவுக்குப் போற கடுதாசில அன்புங்கற வார்த்தை ஒரு எடத்துலகூட வரலையே" என்றார். உடன் சென்ற கடிதத்தின் விளிப்பில் அது இருக்கிறது, சான்றின் வாசகத்தில் வர வேண்டியதில்லை என்று விளக்கினேன். மேலும், பொருள் வரையறுக்கப்படாத சொல்லை ஆவணத்தில் சேர்த்தால் பிற்காலத்தில் வில்லங்கம் வரும் என்றேன். "வரட்டுமே சார்" என்றார். அவர் இன்னும் தற்காலிகப் பணியாளர், அனுபவம் போதாது.

சான்றொப்பமும் சாட்சியும் பெற்ற திருத்திய ஆவணத்தை இத்துடன் அனுப்புகிறேன். என் அடையாள அட்டையின் நகலையும் இணைத்திருக்கிறேன். புகைப்படம் பழையது, மீசை இருந்த காலம்.

உன் தாயார் தலைமைச் செவிலியராக இருந்த பழக்கத்தில் தினமும் காலையில் எனக்கு இரத்த அழுத்தம் பார்க்கிறார்கள். நேற்று என்ன அளவு என்று கேட்டேன். "மெஷின்ல வர்றதெல்லாம் சரியாத்தான் இருக்கு. வராததுதான் கவலை" என்றார்கள். எந்த இயந்திரத்தில் வராதது என்று கேட்பதற்குள் சமையலறைக்குப் போய்விட்டார்கள்.

மாத இறுதிக்கு இன்னும் அவகாசம் இருக்கிறது. இவ்வாவணம் உனக்குப் போதுமானதாக இருக்கும் என்று நம்புகிறேன்.

இங்ஙனம்,
உன் கணவன்தான்.
(இணைப்பு: இரண்டு)

*

வீடு,
ஞாயிற்றுக்கிழமை.

அன்பிற்குரிய மனைவிக்கு,

பத்து நாளாகியும் பதில் இல்லை. தபால் தாமதமாக இருக்கலாம். அஞ்சல்காரரை வாசலிலேயே நிறுத்திக் கேட்டதில், உங்கள் ஊர்ப் பக்கத்திலிருந்து வந்த பையில் எனக்கு எதுவும் வரவில்லை என்றார். இரண்டாம் முறை கேட்டபோது பையையே கவிழ்த்துக் காட்டினார். மூன்றாம் முறை அவர் எதிர்வீட்டுத் தையல்காரரின் கடை வழியாகச் சுற்றிக்கொண்டு போனதைக் கண்டேன். அவரைத் தொந்தரவு செய்யும் எண்ணம் எனக்கு இல்லை.

உன்னிடமிருந்து தாள் எதுவும் வராததால், நீ இங்கே விட்டுச்சென்ற தாள்களைப் படிக்கலாயினேன். உன் அலமாரியின் இரண்டாம் தட்டில், நீ முன்பு எழுதிய ஆய்வுக் கட்டுரை இருந்தது. சமன்பாடுகளைத் தாண்டித் தாண்டிப் படித்தேன். ஆயினும் அதில் ஓரிடம் என்னை நிறுத்திவைத்தது. ஒரு குவாசரைப் பார்க்கிறாய். ரேடியோவில் எதுவும் வரவில்லை. அதன் பெயருக்கு எதிரே நீ 'இல்லை' என்று எழுதுவதில்லை. 'கண்டறியப்படவில்லை; இந்த அளவுக்கும் குறைவு' என்று எழுதுகிறாய். அதாவது, இதற்குமேல் இருந்திருந்தால் கேட்டிருக்கும். இதற்குக்கீழ் இருக்கலாம், என் காதுக்கு எட்டவில்லை என்கிறாய். இவ்வளவு நேர்மையான வாக்கியத்தை நான் எந்தச் சட்டத்திலும் படித்ததில்லை. எங்கள் துறையில் சாட்சி இல்லை என்றால் குற்றமே இல்லை என்று கோப்பை மூடிவிடுவோம். நீ மூடுவதில்லை.

அதன் பிறகு நீ செய்ததுதான் இன்னும் வியப்பு. வாய் திறக்காத குவாசர்கள் எல்லாவற்றின் படங்களையும் எடுத்து, நடுப்புள்ளிகள் பொருந்தும்படி ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிவிடுகிறாய். தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொன்றிலும் வெறும் இரைச்சல். அடுக்கிப் பார்க்கும்போது இரைச்சல் ஒன்றையொன்று தின்று அடங்கிவிட, நடுவில் மங்கலாக ஒரு புள்ளி எழுகிறது. ஆக, அவை ஊமைகள் அல்ல. எல்லாமே முணுமுணுத்துக்கொண்டுதான் இருந்திருக்கின்றன. கடைசிப் பக்கத்திலுள்ள அந்தப் படத்தை ஜன்னலருகே கொண்டுபோய்ப் பார்த்தேன். புள்ளி இருக்கிறது.

இதை உன் தாயாருக்கு விளக்கினேன். கீரை ஆய்ந்துகொண்டே கேட்டார்கள். முடிவில், "அப்ப நீங்களும் அந்த ஜாதிதான் மாப்பிள்ளை" என்றார்கள். "தூரத்துல இருந்து பாத்தா பளபளன்னு தெரியுறீங்க. சத்தத்தைத்தான் காணோம். அவ எத்தனை வருஷமா தட்டைத் திருப்பி வச்சுட்டு உக்காந்திருக்கா, பாவம்." பிறகு, நீ எழுதிய இரண்டு வரிகளுக்கும் என்ன பொருள் என்பதை எனக்கு விளக்கினார்கள். நோட்டரியின் முத்திரைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்பதையும் விளக்கினார்கள். அந்த விளக்கத்தில் என்னைப் பற்றி இடம்பெற்ற சொற்களை இங்கே எழுதவில்லை. 'மரம்' என்பது அவற்றில் மிதமானது.

என் தரப்பை நான் சொல்ல வேண்டும். எனக்கு முன் இந்த நாற்காலியில் இருந்தவர், ஒரு சட்டப்பிரிவில் 'போதிய' என்று ஒரே ஒரு சொல்லைக் கூடுதலாகச் சேர்த்துவிட்டார். எவ்வளவு போதும் என்று இன்றுவரை வழக்கு நடக்கிறது. தாத்தா தொடுத்த வழக்கைப் பேரன் நடத்துகிறான். அதைப் பார்த்து வளர்ந்தவன் நான். ஒரு சொல்லை எழுதுமுன் அது யார் கையில் போய் என்ன ஆகும் என்று நினைக்காமல் இருக்க எனக்குத் தெரியாது. நீ கேட்டது உன் தொழிலைப் பற்றி. 'வா' என்று ஒரு சொல் எழுதினால், நீ வந்துவிடுவாய். வந்த பிறகு, ஒவ்வொரு தெளிந்த வானத்தின்போதும் நீ அண்ணாந்து பார்ப்பாய். அந்தச் சொல்லை எழுதியவன் பக்கத்தில் நின்றுகொண்டிருப்பேன். தராசில் விரல் வைப்பது என்று எங்கள் பக்கம் சொல்வார்கள். அதனால்தான் விரலை எடுத்துக்கொண்டேன். கையையே எடுத்துக்கொண்டதுபோல் உனக்குத் தெரிந்திருக்கிறது.

சரி, ஆட்சேபணை தெரிவித்துத் திருத்தம் அனுப்பலாம் என்று உட்கார்ந்தேன். 'ஆட்சேபணை உண்டு' என்று எழுதினேன். அது பொய். குவாசர்கள்மீது எனக்கு எந்தப் புகாரும் இல்லை. 'ஆட்சேபணை பகுதியளவில் உண்டு' என்று எழுதினேன். எந்தப் பகுதி என்று குறிப்பிட வேண்டியிருந்தது, குறிப்பிட முடியவில்லை. 'உன் முடிவுக்குப் பாதகமின்றி, எனக்குச் சிறிது சிரமமாக இருக்கிறது' என்று எழுதியதைப் படித்துக் காட்டினேன். "யாருக்கு எழுதுறீங்க, குடிநீர் வாரியத்துக்கா?" என்றார்கள் உன் தாயார்.

ஆகவே இந்தக் கடிதத்துடன் இணைப்பு எதுவும் இல்லை.

ஜன்னலோரத் தொட்டிச் செடி இலை உதிர்க்கிறது. தேநீரால்தான் என்று ஐயப்படுகிறேன். நாளை முதல் இரண்டு கோப்பை மட்டும் போடுவது என்று தீர்மானித்திருக்கிறேன். இதே தீர்மானத்தைச் சென்ற வாரமும் எடுத்தேன்.

இங்ஙனம்,
உன் கணவன்.

*

வீடு,
புதன்கிழமை.
(விரைவு அஞ்சல்)

என் அன்பிற்குரியவளுக்கு,

மாத இறுதி நெருங்கிவிட்டது. வழக்கமான நலம் விசாரிப்புகளுக்கு இடமின்றி நேரே விஷயத்துக்கு வருகிறேன். நேற்று நடந்ததை, நடந்தபடியே, கூட்டாமல் குறைக்காமல் எழுதுகிறேன். உன் தாயார் பக்கத்தில் உட்கார்ந்து சரிபார்க்கிறார்கள்.

மாலையில் அலுவலகத்திலிருந்து திரும்பி வாசல் கதவைத் தள்ளினேன். கதவு திறந்தது. ஓசை எழவில்லை. மூடித் திறந்தேன். ஓசை இல்லை. கீலைத் தொட்டேன், விரலில் எண்ணெய் ஒட்டிற்று. நடைமுறையில் இருந்த இடைக்காலத் தடையை மீறி, நான் இல்லாத வேளையில், உன் தாயார் தையல்காரரிடம் மிஷின் எண்ணெய் வாங்கிக் கீல் இரண்டுக்கும் விட்டிருக்கிறார்கள்.

நான் கோபப்படவில்லை. உள்ளே போய்ச் சட்டையை மாற்றினேன். தேநீர் போட்டேன். மூன்று கோப்பை. பிறகு வெளியே வந்து கதவைப் பார்த்துக்கொண்டு சிறிது நேரம் நின்றேன். நீ ஊரில் இருந்த காலத்தில், எந்த நேரத்தில் பணி முடிந்து வந்தாலும் அந்தக் கதவு எனக்குச் சொல்லிவிடும். நீ தள்ளும்போது ஓர் இழுவை, பிறகு ஒரு வெட்டு. வேறு யார் தள்ளினாலும் அப்படி வராது. நான் படித்துக்கொண்டிருக்கும் தாளிலிருந்து தலையை நிமிர்த்துவதில்லைதான். நிமிர்த்தியிருக்க வேண்டும். ஆனால் அந்த வெட்டு கேட்கும் வரை நான் ஒரே வரியைத்தான் படித்துக்கொண்டிருப்பேன். இத்தகவல் இதற்குமுன் எந்த ஆவணத்திலும் பதிவாகவில்லை.

அதன் பிறகு நான் சோப்புத் தூளும் பழந்துணியும் வாளியில் தண்ணீரும் எடுத்துவந்து, கீலில் இருந்த எண்ணெயைக் கழுவத் தொடங்கினேன். எதிரே தையல்காரர் கடையிலிருந்து எட்டிப் பார்த்தார். "சார், எண்ணெய் போடுற ஆளைப் பாத்திருக்கேன். எடுக்குற ஆளை இப்பத்தான் பாக்குறேன்" என்றார். தொழிலைக் கவனிக்கும்படி கேட்டுக்கொண்டேன். கழுவிய பிறகும் ஓசை வரவில்லை. ஆகவே உப்புக் கரைத்த நீரைக் கீலின்மீது தெளித்துக்கொண்டிருந்தேன். அப்போது உன் தாயார் வெளியே வந்தார்கள்.

"என்ன பண்றீங்க மாப்பிள்ளை?" என்று கேட்டார்கள்.

துருப்பிடிக்க வைக்கிறேன் என்றேன்.

அவர்கள் சிரிப்பார்கள் என்று எதிர்பார்த்தேன். சிரிக்கவில்லை. வாளியின் பக்கத்தில் படியில் உட்கார்ந்துவிட்டார்கள். "இத எழுதுங்க அவளுக்கு. வேற ஒண்ணும் எழுத வேணாம். இத மட்டும் எழுதுங்க" என்றார்கள். என்னிடமிருந்து உப்பு டப்பாவை வாங்கிக்கொண்டு, "போதும், சமையலுக்கு வேணும்" என்று உள்ளே போனார்கள்.

எழுதிவிட்டேன். உன் தாயார் "ம்" என்கிறார்கள்.

இனி எழுதுவது அவர்கள் எழுந்து போன பிறகு.

நீ அங்கே இரு. இரண்டாண்டும் இரு. மீதமுள்ளவை எல்லாவற்றையும் கேட்டு முடி. நீ பாதியில் விட்டுவந்த ஒரு வானத்தின்கீழ் என்னால் இருக்க முடியாது. இதில் நான் முன்பு சொன்னதிலிருந்து மாறவில்லை.

ஆனால் நான் அனுப்பிய அந்தச் சான்றைத் திரும்பப் பெறுகிறேன். அசலும் திருத்தமும் இரண்டும் செல்லாது. அது தவறான கேள்விக்கு எழுதப்பட்ட சரியான விடை. நீ கேட்டது என் அனுமதியை அல்ல.

நீ சேர்ந்த புதிதில் அனுப்பிய உங்கள் குடியிருப்பு விதிகளை மறுபடி எடுத்துப் படித்தேன். வளாகத்துக்குள் கொண்டுவரக் கூடாதவை: கைப்பேசி, கம்பியில்லாக் கருவிகள், தீப்பொறி எழுப்பும் எந்திரங்கள் மற்றும் பிற இடையூறுகள். 'பிற இடையூறுகள்' என்பதற்கு விளக்கம் தரப்படவில்லை; மோசமான வரைவு. அதில் கணவர் அடங்குவாரா என்பதை நீதான் முடிவுசெய்ய வேண்டும். என் தரப்பில் சொல்லக்கூடியது: எனக்குச் சேர்ந்திருக்கும் விடுப்பு நீண்டது. அதற்குப் பின்னும் மசோதாவை எழுத ஒரு மேசையும் பேனாவும் போதும் என்று மேலதிகாரியே ஒத்துக்கொண்டிருக்கிறார். நான் எந்த அலைவரிசையிலும் எதையும் வெளிவிடுவதில்லை என்பதற்கு நீயே முதல் சாட்சி. உங்கள் வளாகத்துக்கு என்னைவிடப் பொருத்தமான மனிதன் கிடைப்பது அரிது.

உன் தாயாரைத் தனியே விட்டுவருவது பற்றித் தயங்கினேன். "ஒரு வார்டையே ஒண்டியா பாத்தவ நான். ஒரு வீட்டைப் பாக்க மாட்டேனா? நீங்க கிளம்புனாத்தான் அந்தச் செடி பொழைக்கும்" என்றார்கள். மாதம் ஒருமுறை வந்து அவர்களைப் பார்த்துப் போவது என்று பேசி முடித்திருக்கிறோம். நோட்டரியும் வாராவாரம் வந்து எட்டிப் பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறான். அவன் வந்தால் அந்தப் பேனாவை வாங்கி வைப்பதாக உன் தாயார் சபதம் செய்திருக்கிறார்கள்.

ஆக, நான் பார்த்த வரையில் என் வரவுக்குத் தடை ஏதும் இல்லை. ஆனால் தடை இல்லை என்பது மட்டும் போதாது என்பதை இந்த மாதம் கற்றுக்கொண்டேன். ஒருவர் கூப்பிட வேண்டும். நீ கேட்டபோது நான் அதைச் செய்யவில்லை. இப்போது நான் கேட்கிறேன்: நீ என்ன சொல்கிறாய்?

இன்னும் ஒன்று. உன்னிடம் இப்போது என் கடிதங்கள் நான்கு இருக்கும். கிழிக்காமல் வைத்திருப்பாய் என்று நம்புகிறேன். தனித்தனியாக எடுத்துப் பார்த்தால் எதிலும் எதுவும் இருக்காது; குழாய், தேநீர், நோட்டரி, கதவு என்று ஒரே இரைச்சல். எனக்கு எழுதத் தெரிந்தது அவ்வளவுதான். ஆனால் உனக்கு ஒரு முறை தெரியும். நான்கையும் நடுப்புள்ளி பொருந்தும்படி ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி, வெளிச்சத்தில் பிடித்துப் பார். நடுவில் மங்கலாக ஏதேனும் தெரிந்தால், அது எப்போதும் இருந்ததுதான். அது உன்னுடையது.

நீ எங்கே இருந்தாலும், உன் வானம் தெளிவாக இருக்கட்டும்.

கண்டறியப்படக் காத்திருக்கும்,
உன் கணவன்.

பின்குறிப்பு: இன்று காலை அஞ்சல் நிலையத்துக்குப் புறப்படும்போது வாசல் கதவு லேசாக முனகியது.